மணவுறவு மீறலும் கொலையும்: திரையிட எந்தப் படம்?

எங்கள் திரைப்பட வட்டத்தில் மாதம் ஒரு படம் பார்த்து, முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது வழக்கம். திருமணத்துக்கு வெளியே ஏற்படும் ஓர் உறவு ஆபத்தாக முற்றும் சஸ்பென்ஸ் படம் ஒன்றை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். எந்தப் படம் என்பதில்தான் நான்கு பெயர்கள் எழுந்திருக்கின்றன. பில்லி வைல்டர் 1944 இல் எடுத்த ‘டபுள் இன்டெம்னிட்டி’, குளோத் ஷப்ரோல் 1969 இல் பிரெஞ்சில் எடுத்த ‘லா ஃபம் ஆன்ஃபிதேல்’, ஏட்ரியன் லைன் 1987 இல் எடுத்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’, அதே லைன் பதினைந்து ஆண்டுகள் கழித்து 2002 இல் எடுத்த ‘அன்ஃபெய்த்ஃபுல்’ ஆகியவையே அவை. நான்கையும் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒன்றைப் பரிந்துரைக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததால், என் முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். முடிவுக்காட்சிகளைச் சொல்லாமல் இந்தப் படங்களை ஒப்பிட இயலாது. எனவே இவற்றில் எதையும் பார்க்காதவர்கள் அதை அறிந்தே மேலே படிக்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் நாளிதழ்கள் இத்தகைய செய்திகளுக்கு வைத்திருக்கும் சொல் ‘கள்ளக்காதல்’. அந்தச் சொல் தலைப்பில் வந்தவுடனேயே குற்றவாளி யார், பரிதாபத்துக்குரியவர் யார் என்பதெல்லாம் வாசகர் மனத்தில் முடிவாகிவிடுகின்றன. செய்தியின் எஞ்சிய பகுதி அந்தத் தீர்ப்பை உறுதி செய்ய மட்டுமே பயன்படுகிறது. எங்கள் வட்டத்தில் இதற்கு முன் இதே பொருளில் எழுந்த பேச்சும் பல முறை அந்தச் சொல்லோடு நின்றுபோயிருக்கிறது. ஆகவே, அந்தச் சொல்லைச் சொல்லித் தீர்த்துவிட முடியாத படம் எது என்பதே எனக்கு முதல் அளவுகோல். ஆபத்தை இந்தப் படம் எங்கே வைக்கிறது, வெளியிலிருந்து வரும் மனிதரிடமா, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரிடமா என்பது அதிலிருந்து பிறக்கும் கேள்வி. கால அளவு, படுக்கையறைக் காட்சிகள், மொழி முதலிய நடைமுறை விஷயங்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னர் வருகிறேன்.

மிகுதியான ஆதரவு ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்துக்கே இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். நியூயார்க் வழக்கறிஞர் டேன் கேலகரின் மனைவியும் மகளும் வீடு பார்க்க வெளியூர் போயிருக்கும் ஒரு வார இறுதியில், பதிப்பகம் ஒன்றில் பணிபுரியும் அலெக்ஸ் ஃபாரஸ்ட் என்ற பெண்ணுடன் அவருக்கு உறவு ஏற்படுகிறது. அவருக்கு அது இரண்டு நாளில் முடிந்துபோன காரியம், அவளுக்கு அப்படியில்லை. தொலைபேசி அழைப்புகளில் தொடங்கி, வீடு வாங்க வந்தவளைப் போல டேனின் மனைவியையே நேரில் வந்து சந்திப்பது, காரின் மேல் அமிலத்தை ஊற்றுவது, மகளின் செல்ல முயலைக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டு வைப்பது, பள்ளியிலிருந்து குழந்தையையே அழைத்துப் போய்விடுவது என ஒவ்வொரு படியாக அவள் அந்த வீட்டை நெருங்குகிறாள். மைக்கேல் டக்ளஸ், கிளென் குளோஸ், ஆன் ஆர்ச்சர் மூவரும் நடித்த இந்தப் படம் உலகளவில் சுமார் 32 கோடி டாலர் வசூலித்தது. சிறந்த படம் உட்பட ஆறு பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, ஒன்றைக்கூடப் பெறாமல் போனது.

இந்தப் படத்தின் திறமையை மறுப்பதற்கில்லை. அந்தரங்கமான ஒரு தவறு குடும்பத்தின் சமையலறைக்குள் வந்து சேரும் பாதையை இவ்வளவு துல்லியமாகக் கட்டிய படங்கள் குறைவு. டேன் நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருக்கும் அதே இரவில் அலெக்ஸ் தன் வீட்டில் தரையில் உட்கார்ந்து, புச்சினியின் ‘மடாமா பட்டர்ஃபிளை’ இசையைக் கேட்டபடி பக்கத்திலிருக்கும் விளக்கை அணைத்து, ஏற்றி, மீண்டும் அணைத்துக்கொண்டிருக்கும் காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. கிளென் குளோஸ் அந்த முகத்தில் வைத்திருப்பது வெறியை அல்ல, கைவிடப்பட்ட ஒருத்தியின் தனிமையை. படம் அந்த முகத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஆனால் படம் அப்படி நிற்கவில்லை, அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் டியர்டன் அதற்கு முன்பே ‘டைவர்ஷன்’ என்ற பெயரில் இதே கதையைப் பிரிட்டனில் குறும்படமாக எடுத்திருந்தார். அந்தக் குறும்படம் முடியும் இடம் மிகச் சிறியது: வீட்டில் தொலைபேசி மணி அடிக்கிறது, கணவன் பார்த்துக்கொண்டிருக்க, மனைவி போய் அதை எடுக்கிறாள். கொலை இல்லை, கத்தி இல்லை. தவறு செய்தவன் அந்தத் தவறின் விலையைக் கொடுக்கப்போகும் கணத்தில் படம் நின்றுவிடுகிறது. அங்கே ஆபத்து அந்த மனிதனின் செயலுக்குள்ளேயே இருக்கிறது.

அமெரிக்காவில் முழுநீளப் படமாக வளர்ந்தபோது முதலில் எடுக்கப்பட்ட முடிவும் ஓரளவுக்கு அந்தப் பாதையிலேயே இருந்தது. அலெக்ஸ் அதே ‘மடாமா பட்டர்ஃபிளை’ இசையோடு தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்கிறாள். முந்தைய சண்டையில் டேன் அவள் கையிலிருந்து பறித்துக் கீழே வைத்த கத்தி என்பதால் அதில் அவருடைய கைரேகை இருக்கிறது. காவலர்கள் வீட்டுக்கு வந்து அவரைக் கைது செய்கிறார்கள். தற்கொலை செய்துகொள்வேன் என்று அலெக்ஸ் பேசிப் பதிவு செய்திருந்த ஒலிநாடாவை மனைவி பெத் கண்டெடுக்கிறாள். அமெரிக்கக் கடற்படை அதிகாரியால் கைவிடப்பட்டுத் தன் தந்தையின் கத்தியால் உயிரை மாய்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றியது அந்த இசை நாடகம். எனவே விளக்கை அணைத்து ஏற்றிய அந்தக் காட்சியில் போட்ட முடிச்சு இந்த முடிவில்தான் அவிழ்கிறது. முன்னோட்டமாகப் பார்த்த பார்வையாளர்களுக்கு இது திருப்தி தரவில்லை. அலெக்ஸ் தண்டிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். முடிவு மாற்றி எடுக்கப்பட்டது. கிளென் குளோஸ் அதைக் கடுமையாக எதிர்த்தும், கடைசியில் இணங்க வேண்டியதாயிற்று.

நாம் இன்று பார்க்கும் முடிவில் அலெக்ஸ் கத்தியோடு குளியலறைக்குள் வந்துவிடுகிறாள். டேன் அவளைத் தொட்டி நீரில் அமுக்குகிறார். இறந்துவிட்டாள் என்று நினைக்கும்போது எழுகிறாள். பெத் சுட்டுக் கொல்கிறாள். பிறகு கேமரா மெல்ல நகர்ந்து ஒரு குடும்பப் புகைப்படத்தில் வந்து நிற்கிறது. கர்ப்பமாக இருப்பதாகச் சொன்ன, மனநலம் குலைந்த ஒரு பெண்ணின் உடல் அந்த வீட்டில் கிடக்க, படம் நம்மிடம் காட்டுவது தந்தையும் தாயும் மகளும் சிரிக்கும் புகைப்படத்தை. இந்த இடத்தில் எனக்கு எழும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. வார இறுதியில் தொடங்கியதைச் செய்தவர் இருவர். பாவம் முழுவதும் ஒருத்தியின் தலையில் ஏற்றப்பட்டு, அவளோடு சேர்த்து வீட்டுக்கு வெளியே தூக்கிப் போடப்படுகிறது. சூசன் ஃபலூடி 1991 இல் வெளியிட்ட ‘பேக்லாஷ்’ நூலில் இந்தப் படத்தைக் கடுமையாக விமர்சித்ததற்குக் காரணம் இருக்கிறது. தனியாக வாழும், வேலை பார்க்கும் பெண்ணைக் குடும்பத்தின் எதிரியாக நிறுத்தும் ஒரு காலத்தின் மனப்போக்கை அவர் இதில் கண்டார்.

இதே காரணத்தைக் காட்டி இந்தப் படத்தையே திரையிடலாம் என்று ஒருவர் வாதிடலாம். கைவிடப்பட்ட முடிவு பிற்பாடு வீடியோ வெளியீடுகளில் சேர்க்கப்பட்டது. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போதாது. அது நல்ல யோசனை. நானும் சில நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்போது பேச்சு ஹாலிவுட் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றியதாக மாறிவிடும், அந்த மூன்று மனிதர்களைப் பற்றியதாக இருக்காது. அதோடு, இரண்டு மணி நேரம் அச்சத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அரங்கம் குளியலறைக் காட்சியில் பெருமூச்சு விடும் என்பதையும், அந்தப் பெருமூச்சுக்குப் பின் அலெக்ஸுக்காகப் பேச யாருக்கும் மனம் வராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘டபுள் இன்டெம்னிட்டி’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது நான்கிலும் மிகக் கச்சிதமாகச் செதுக்கப்பட்ட படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. காப்பீட்டு முகவர் வால்டர் நெஃப், வாடிக்கையாளர் ஒருவரின் மனைவியான ஃபிலிஸுடன் சேர்ந்து, அந்தக் கணவருக்கே தெரியாமல் அவர் பெயரில் விபத்துக் காப்பீடு எடுத்து, ரயிலிலிருந்து விழுந்து இறந்தது போலக் காட்டினால் இரட்டிப்புத் தொகை கிடைக்கும் என்ற விதியை நம்பிக் கொலை செய்கிறார். ஜேம்ஸ் எம். கேய்ன் எழுதிய மூலக்கதைக்குத் தூண்டுதலாக இருந்தது 1927 இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண் தன் காதலனுடன் சேர்ந்து கணவரைக் கொன்ற வழக்கு. பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றதையும், இரண்டுமே கிடைக்காமல் போனதையும் நெஃப் தொடக்கத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிவிடுகிறார். அதன் பின்னும், உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுத் திரும்பும்போது கார் கிளம்ப மறுக்கும் அந்தச் சில நொடிகளில் நாம் கொலைகாரர்களுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நச்சுவாயு அறையில் நெஃபுக்கு மரண தண்டனை நிறைவேறும் முடிவு ஒன்றைப் படமாக்கியும் வைல்டர் அதை நீக்கிவிட்டார். நண்பர் கீஸ் முன்னிலையில் கதவருகே அவர் சரிந்துகிடக்கும் காட்சியோடு முடித்தார். முடிவை மாற்றியதால் மேம்பட்ட படத்துக்கு இது சான்று. எனினும் இங்கே உறவு என்பது காப்பீட்டுத் தொகைக்கான வழியாகவே இருக்கிறது. மணவாழ்க்கை உள்ளே எப்படி இருந்தது என்பதில் படத்துக்கு அக்கறை குறைவு. எங்கள் பொருளுக்கு இது பக்கத்து வீட்டுப் படம். வேறொரு மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

உண்மையான போட்டி எஞ்சிய இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. ‘அன்ஃபெய்த்ஃபுல்’ படம் ஷப்ரோலின் படத்தை வெளிப்படையாகத் தழுவியது. எனவே இரண்டும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் வேறு வேறு உடல்கள். மனைவிக்கு வேறொருவருடன் உறவு, கணவன் துப்பறிவாளரை வைத்துக் கண்டுபிடிக்கிறான், அந்த மனிதனின் வீட்டுக்கே போகிறான், தன் மனைவிக்குத் தான் பரிசாகக் கொடுத்த பொருள் அங்கே இருப்பதைப் பார்க்கிறான், கொல்கிறான், உடலை மறைக்கிறான், மனைவிக்கு உண்மை தெரியவருகிறது, அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவ்வளவும் இரண்டுக்கும் பொது. (லைனின் படத்தை ஒட்டி 2004 இல் இந்தியில் ‘மர்டர்’ என்ற படம் வந்ததை நம்மில் பலர் பார்த்திருப்பார்கள், அதை நினைவில் வைத்துக்கொண்டு இவ்விரண்டையும் அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும்.)

லைன் தன் படத்தை மனைவியின் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். பெருங்காற்று வீசும் ஒரு நாளில், நியூயார்க்கின் சோஹோ பகுதித் தெருவில், டயான் லேன் நடித்திருக்கும் கானி என்ற பெண் புத்தகங்களைச் சுமந்து வரும் பால் என்ற இளைஞன் மேல் மோதி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொள்கிறாள். அவன் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைக்கிறான். அவள் ஏறிப் போகிறாள். பின்னொரு நாள் அவனிடமிருந்து ரயிலில் வீடு திரும்பும்போது, நடந்ததை நினைத்து அந்த முகத்தில் சிரிப்பும் வெட்கமும் அருவருப்பும் கண்ணீரும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து போகும் காட்சிக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். டயான் லேனுக்கு இதற்காக ஆஸ்கர் பரிந்துரையும் நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டத்தின் சிறந்த நடிகை விருதும் கிடைத்தன. இங்கே ‘கள்ளக்காதல்’ என்ற சொல் தோற்றுப்போகிறது. கானிக்குக் கொடுமைக்காரக் கணவன் இல்லை, வறுமை இல்லை, பழிவாங்கும் காரணம் ஏதுமில்லை. நல்ல கணவன், அன்பான மகன், அமைதியான புறநகர் வீடு ஆகிய எல்லாம் இருந்தும் அவள் போனாள் என்பதை எந்தச் சாக்கும் சொல்லாமல் வைத்த துணிவு லைனைப் பற்றிய என் கருத்தையே மாற்றியது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அலெக்ஸுக்குத் தர மறுத்த ஒன்றை அவர் கானிக்குத் தந்திருக்கிறார்.

கொலைக்காட்சியில் ரிச்சர்ட் கியர் நடித்த எட்வர்ட், பாலின் வீட்டில் பனிப்பொழிவு காட்டும் கண்ணாடி உருண்டை ஒன்றைப் பார்க்கிறார். அது மனைவிக்கு அவர் கொடுத்தது. உடல் நடுங்கி, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே அதைக் கொண்டே அடித்துவிடுகிறார். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அங்கிருக்கும் தொலைபேசிக் கருவியில் கானியின் குரல் பதிவாகிறது: இந்த உறவை இத்துடன் முடித்துக்கொள்வதாக அவள் சொல்கிறாள். கொலை தேவையே இல்லாமல் போயிருந்த ஒரு நிலைமையில், சில நிமிடங்கள் முந்திக்கொண்டு கொலை நடந்துவிட்டது என்பதைக் கணவன் இறந்தவன் வீட்டில் நின்று கேட்கிறான். இது ஷப்ரோலின் படத்தில் இல்லாதது. இதைவிடக் கொடூரமான தொலைபேசிச் செய்தி சினிமாவில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் ஷப்ரோலின் பக்கமே சாய்கிறேன் என்றால், அதற்கான காரணத்தை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷப்ரோலின் கணவன் பெயர் ஷார்ல், மனைவி எலேன். மிஷெல் பூக்கே, ஸ்டெஃபான் ஓட்ரான் ஆகியோர் நடித்திருக்கிறார்கள். (ஓட்ரான் அப்போது இயக்குநரின் மனைவியும்கூட.) ஷார்ல் காப்பீட்டுத் தொழில் நடத்துபவர், வெர்சாயில் தோட்டத்துடன் கூடிய வீடு, மிஷெல் என்ற சிறு மகன். வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. மனைவியின் தொலைபேசி உரையாடல் ஒன்று சட்டென்று நின்றுபோவதிலிருந்து கணவனின் சந்தேகம் தொடங்குகிறது. அவர் எதையும் கேட்பதில்லை. விக்டோர் என்ற அந்த மனிதனின் வீட்டுக்கு அவர் போகும்போது கையில் ஆயுதம் இல்லை, முகத்தில் கோபமும் இல்லை. தானும் மனைவியும் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துவதில்லை என்று சொல்லி, இருவரும் மது அருந்தியபடி ஏறத்தாழ நண்பர்களைப் போலப் பேசுகிறார்கள். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார். படுக்கையறையில் பெரிய சிகரெட் லைட்டர் ஒன்று இருக்கிறது. மணநாள் பரிசாக எலேனுக்கு அவர் கொடுத்தது. அதன்பின் அவர் முகம் வெளிறுகிறது, உடம்பு சரியில்லை என்கிறார், கைக்கெட்டிய கல் சிலையை எடுத்து அடிக்கிறார்.

உறவை அறிந்ததால் அவர் கொல்லவில்லை. அறிந்த பிறகும் உட்கார்ந்து பேச அவரால் முடிந்தது. தன் பரிசு, தங்களுக்கு மட்டுமே உரியது என்று அவர் நினைத்திருந்த ஒரு நாளின் நினைவு, வேறொருவன் கட்டிலருகே கேட்பாரற்றுக் கிடந்ததை அவரால் தாங்க முடியவில்லை. லைன் அதே காட்சியை நடுக்கமாகவும் மயக்கமாகவும் காட்டி, அது கணநேரப் பிறழ்வு என்று நம்மைச் சமாதானப்படுத்துகிறார். ஷப்ரோல் அந்தச் சமாதானத்தைத் தருவதில்லை. அடித்த அடுத்த நிமிடத்திலிருந்து ஷார்ல் ஒரு கணக்காளரின் ஒழுங்கோடு தரையைத் துடைக்கிறார், கைரேகைகளை அழிக்கிறார், உடலைச் சுற்றிக் காரில் ஏற்றுகிறார். பேச்சே இல்லாத அந்த நீண்ட நேரத்தில் நாம் பார்ப்பது, இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டை அமைதியாக வைத்திருந்த அதே பழக்கங்கள் இப்போது கொலையை மறைக்க உதவுவதை. வழியில் பின்னாலிருந்து ஒரு வண்டி அவர் காரை இடித்துவிடுகிறது, கூட்டம் சேர்கிறது, காவலர் வருகிறார். பிறகு சேறு படர்ந்த நீர்நிலையில் அந்த மூட்டை மூழ்காமல் சிறிது நேரம் மிதந்து, மெல்ல உள்ளே போகிறது. அது மூழ்கிவிட வேண்டுமே என்று மனம் தவிப்பதை நான் மூன்று முறை பார்த்தபோதும் தடுக்க முடியவில்லை.

பிறகுதான் இந்தப் படத்தின் உயர்ந்த பகுதி வருகிறது. விசாரணை அதிகாரிகள் இருவர் வீட்டுக்கு வந்து போகிறார்கள். அங்கே மகன் மிஷெல் ஒரு படப்புதிரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு துண்டு காணவில்லை. அதைக் கேட்டுக் கத்தி அழுகிறான். அந்த வீட்டில் உரத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் அவன்தான். ஒருநாள் எலேன் கணவனின் மேல்சட்டைப் பையில் விக்டோரின் புகைப்படத்தைக் காண்கிறாள். பின்புறம் பெயரும் முகவரியும் எழுதியிருக்கின்றன. தன் காதலன் எங்கே போனான் என்பதையும், தன் கணவன் தன்னை எவ்வளவு விரும்பினான் என்பதையும் அவள் ஒரே நொடியில் தெரிந்துகொள்கிறாள். அதை எரித்துவிட்டு, தோட்டத்தில் இருக்கும் கணவனிடம் நடந்து வருகிறாள். அவள் முகத்தில் மெல்லியதாக ஏதோ மலர்கிறது. அதைக் காதல் என்று சொல்லவும் அச்சமாக இருக்கிறது, காதல் அல்ல என்று சொல்லவும் முடியவில்லை.

‘அன்ஃபெய்த்ஃபுல்’ படத்தில் கண்ணாடி உருண்டை வீட்டில் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருப்பதைப் பார்த்துக் கானி உண்மையை உணரும் காட்சி இதற்கு இணையானது, அதுவும் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன்பின் லைன் அவர்களைப் பேச வைக்கிறார். குற்றம் சாட்ட வைக்கிறார். அந்தக் காற்றடித்த நாளில் டாக்சியில் ஏறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கானி கற்பனை செய்வதையும் காட்டிவிடுகிறார். கடைசியில் அவர்களுடைய கார், போக்குவரத்து விளக்கு பச்சைக்கு மாறிய பின்னும், ஒரு காவல் நிலையத்தின் முன் நகராமல் நிற்கிறது. இந்த முடிவில் எனக்குக் குறையில்லை. இருந்தாலும், இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்பதை நமக்குப் படமே சொல்லிவிடுவதால், படம் முடிந்தபின் நாம் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சுகிறது: சரணடைவார்களா, மாட்டார்களா? அது ஊகம், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

ஷப்ரோலின் முடிவில் அதிகாரிகள் தோட்டத்து வாயிலுக்கு வந்து நிற்கிறார்கள். பைத்தியம் போல உன்னை நேசிக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஷார்ல் அவர்களை நோக்கி நடக்கிறார். எலேனும் மகனும் மரங்களுக்கிடையே நிற்பதைக் கேமரா பார்க்கிறது. கேமரா விலகிப் போகிறது, அதே வேளையில் லென்ஸ் அவர்களை நெருங்குகிறது. விலகுவதும் நெருங்குவதும் ஒரே அசைவில். அவர் கைதானாரா என்பது சொல்லப்படவில்லை. அது முக்கியமாகத் தோன்றுவதும் இல்லை. இந்த இருவரும் ஒருவரையொருவர் முழுமையாக அறிந்துகொண்டது எப்போது, அதற்கு மூன்றாவது ஒருவனின் உயிர் ஏன் தேவைப்பட்டது, இந்த அன்பை நாம் அன்பு என்று ஏற்கலாமா என்பவையே எஞ்சும் கேள்விகள். இவற்றை ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லால் தொடக்கூட முடியாது.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் மறைக்கக் கூடாது. ஷப்ரோலின் படத்துக்குப் ‘துரோகம் செய்த மனைவி’ என்று பொருள்படும் பெயர் இருந்தாலும், எலேன் ஏன் விக்டோரிடம் போனாள் என்பதைப் படம் கேட்பதே இல்லை. நாம் பெரும்பாலும் கணவனின் கண் வழியாகவே அவளைப் பார்க்கிறோம். டயான் லேனுக்கு ரயிலில் கிடைத்த அந்த முகம் ஓட்ரானுக்கு இந்தப் படத்தில் கிடைக்கவில்லை. கடைசி இருபது நிமிடங்களில்தான் அவள் தன் கதைக்குள் வருகிறாள். எங்கள் வட்டத்தில் உள்ள பெண்கள் இந்தக் குறையை எழுப்பினால் அது நியாயமான எதிர்ப்பு, அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. இதே ஷப்ரோல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1971 இல், அதே பூக்கேயையும் ஓட்ரானையும் கணவன் மனைவியாக வைத்து ‘ஜூஸ்த் அவான் லா நுய்’ என்ற படத்தை எடுத்தார். அதில் உறவு மீறியவன் கணவன், தன் காதலியைக் கொன்றவனும் அவனே. மனைவியிடமும் கொல்லப்பட்டவளின் கணவனிடமும் குற்றத்தை ஒப்புக்கொண்டும், அவர்கள் மன்னித்து மூடி மறைக்கவே விரும்புகிறார்கள். முதல் படம் பிடித்துப்போனால் அடுத்த மாதமே அதைத் திரையிட வேண்டும் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ஒன்று மற்றொன்றுக்குக் கண்ணாடி பிடிக்கிறது.

இனி நடைமுறை. எங்களுக்கு அரங்கு கிடைப்பது மூன்று மணி நேரம். ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ 119 நிமிடம், ‘அன்ஃபெய்த்ஃபுல்’ 124 நிமிடம். இவற்றில் எதை எடுத்தாலும் பேச்சுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சுவதே கடினம். ‘டபுள் இன்டெம்னிட்டி’ 107 நிமிடம். ஷப்ரோலின் படம் ஏறத்தாழ 98 நிமிடம்தான். லைனின் இரண்டு படங்களிலும் உடலுறவுக் காட்சிகள் வெளிப்படையானவை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோடு வரும் பெற்றோர் எங்கள் வட்டத்தில் இருப்பதால் அந்த நெளிவு பேச்சையும் பாதிக்கும். ஷப்ரோலின் படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பிரெஞ்சு என்பதால் ஆங்கிலத் துணையுரையைப் படித்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும் என்ற குறை உண்மையே. எனினும் இந்தப் படத்தின் இன்றியமையாத காட்சிகளில் பேச்சே இல்லை என்பதால் அது பெரிய தடையாகாது என்று நம்புகிறேன். தொடக்கம் மெதுவாகப் போவதாகச் சிலர் குறைப்படுவார்கள். முதல் அரைமணி நேரத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்காமல் இருப்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள் என்று முன்னதாகச் சொல்லி வைத்தால் போதும்.

எனவே என் பரிந்துரை ‘லா ஃபம் ஆன்ஃபிதேல்’. வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேறு மாதிரி இருந்து, ஆங்கிலப் படமே வேண்டும் என்றால் ‘அன்ஃபெய்த்ஃபுல்’ படத்துக்கு என் ஆதரவு உண்டு. அப்போது பேச்சை ரயில் காட்சியிலிருந்து தொடங்க வேண்டும், காவல் நிலையத்திலிருந்து அல்ல. ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ வென்றால், நீக்கப்பட்ட முடிவையும் சேர்த்துக் காட்டாமல் திரையிட வேண்டாம் என்பதே என் கோரிக்கை. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டும்.

ஷப்ரோலின் படமே என்று முடிவானால் அரங்கப் பொறுப்பாளரிடம் ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். மரங்களுக்கிடையே தாயும் மகனும் நிற்கும் அந்தக் கடைசிக் காட்சி தேங்கி நிற்பதுபோல் தெரியும். படம் முடிந்துவிட்டதென்று நினைத்துச் சென்ற முறை போல உடனே விளக்குகளைப் போட்டுவிட வேண்டாம். கேமரா விலகியும் நெருங்கியும் அந்த முகத்தைப் பார்த்துத் தீரும் வரை இருட்டிலேயே இருப்போம்.